கொஞ்சமாகக் கட்டிக்கொள்: 'கம்பெனி' இசைநாடகத்தில் பின்னால் சேர்ந்த ஒரு பாட்டு

கல்யாண நாள் காலை. ஏமிக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொள்கிறது, மாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். மாப்பிள்ளை பால் மனம் உடைந்து கிளம்பிப் போகிறான். வெளியே மழை. சமையலறையில் மிச்சம் இருப்பவர்கள் அவளும், மாப்பிள்ளைத் தோழனாக வந்த ராபர்ட்டும்தான். அந்த நேரம் பார்த்து ராபர்ட் கேட்கிறான்: என்னைக் கட்டிக்கொள்கிறாயா?

ஏமி சொல்லும் பதில்தான் இந்த நாடகத்துக்கு அச்சாணி. யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை போதாது, இன்னாரைத்தான் என்ற ஆசை வேண்டும் என்கிறாள். சொல்லி முடிப்பதற்குள் தன் ஆள் யார் என்பது அவளுக்கே உறைத்துவிடுகிறது. பால் மழையில் நனைவானே என்று பதறி ஓடுகிறாள். ராபர்ட் தனியாக நிற்கிறான். முதல் பாதி முடியப் போகிறது.

இங்கே அவன் பாட வேண்டுமா, வேண்டாமா?

நாடகம் முதலில் மேடையேறிய 1970இல் அவன் பாடவில்லை. தனிப்பாட்டு எதுவும் இல்லாமல் இடைவேளை வந்தது. 1990களின் தொடக்கத்தில் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீஃபன் சோண்ட்ஹைமும் கதைவசனம் எழுதிய ஜார்ஜ் ஃபர்த்தும் பிரதியைத் திருத்தினார்கள். பழசாகிப்போன வசனங்களை வெட்டினார்கள், முதல் பாதியின் முடிவை மாற்றி எழுதினார்கள். அதிலிருந்து அந்த இடத்தில் 'மேரி மீ எ லிட்டில்' வருகிறது. என்னைக் கொஞ்சமாகக் கட்டிக்கொள், அளவாக நேசி, நெருக்கமாக இரு, ஆனால் கொஞ்சம் தள்ளியே இரு என்று ராபர்ட் பாடுகிறான். நான் தயார், இப்போது தயார் என்று உச்சத்தில் முடிக்கிறான்.

அருமையான பாட்டு, அதைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அது நாடகத்துக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி. இந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பதில் சொல்லிவந்திருக்கிறேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், அதைக் காரணத்தோடு எழுதிவைக்கிறேன்.

பின்னணி

'கம்பெனி' என்றதும் நமக்குத் தொழில் நிறுவனம் ஞாபகம் வரும். இங்கே அதற்குத் துணை, கூட்டு என்று பொருள். நியூயார்க்கில் வாழும் ராபர்ட்டுக்கு 35 வயது. கல்யாணம் ஆகவில்லை. அவனைச் சுற்றி ஐந்து ஜோடிகள், எல்லோரும் நெருங்கிய நண்பர்கள். அவனுக்குப் பிறந்தநாள் விருந்து வைக்கிறார்கள். நாடகம் முழுவதும் தனித்தனிக் காட்சிகள்: ஒரு ஜோடியின் வீட்டில் ஒரு மாலை, இன்னொரு ஜோடியோடு ஒரு பேச்சு, அப்புறம் அவனுடைய மூன்று தோழிகள். ஒன்று நடந்ததால் அடுத்தது நடந்தது என்கிற கதைத்தொடர்ச்சி கிடையாது. எல்லாமே அவன் மனசுக்குள் ஒரே நொடியில் ஓடுவதாகக்கூட எடுத்துக்கொள்ளலாம்.

1970 ஏப்ரல் 26 அன்று நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வேயில், ஆல்வின் தியேட்டரில் தொடங்கியது. இயக்கம் ஹரால்ட் பிரின்ஸ், நடன அமைப்பு மைக்கேல் பென்னட். ராபர்ட்டாக டீன் ஜோன்ஸ் தொடங்கிவைத்தார், சில வாரங்களிலேயே லாரி கெர்ட் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அந்த நாடகம் பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுக்கு 14 பரிந்துரைகளைப் பெற்று ஆறு விருதுகளை வென்றது.

ராபர்ட் கடைசியில் என்ன பாட வேண்டும் என்பதுதான் அவர்களைப் படாதபாடு படுத்தியது. 'மேரி மீ எ லிட்டில்' எழுதப்பட்டது, ஒதுக்கப்பட்டது. ஏமியை மனதில் வைத்து எழுதிய 'மல்டிட்யூட்ஸ் ஆஃப் ஏமீஸ்' என்ற பாட்டும் போனது. பாஸ்டனில் நடந்த முன்னோட்டக் காட்சிகளில் 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' பாடப்பட்டது. அதில் கசப்பு அதிகம் என்று பிரின்ஸுக்குப் பட்டது. அந்த இடத்துக்குக் கடைசியாக வந்ததுதான் 'பீயிங் அலைவ்'. இன்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அதுதான்.

ஆக, பின்னால் சேர்ந்த பாட்டு என்று நான் சொல்வது புதிதாக எழுதியதை அல்ல. தொடக்கத்திலேயே எழுதி, வேண்டாம் என்று எடுத்து, இருபது வருடத்துக்கு மேல் வெளியே வைத்திருந்து, வேறொரு இடத்தில் திரும்பச் செருகிய பாட்டு. ஒரு கேள்விக்கு முதலில் எழுதிப் போதாது என்று தள்ளிய பதிலை அதே நாடகத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? இந்த ஆய்வு அதைப் பற்றித்தான்.

சேர்த்ததற்கு எதிரான வழக்கு

முதலில் எதிர்த்தரப்பைச் சொல்கிறேன், ரொம்ப நாள் நான் அந்தப் பக்கம்தான் இருந்தேன். நான் முதலில் கேட்டுப் பழகியது 1970 இசைத்தட்டு. அதில் இந்தப் பாட்டு இல்லை. இல்லாதபோது ராபர்ட் வேறு மாதிரி ஆள்.

பழைய வடிவத்தில் முதல் பாதி முழுக்க அவன் பார்வையாளன். மற்றவர்கள் பாடுகிறார்கள், அவன் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்கு அந்தப் பாதியில் இருக்கும் ஒரே முக்கியமான தனிப்பாட்டு 'சம்ஒன் இஸ் வெயிட்டிங்'. அதிலும் தன்னைப் பற்றி அவன் எதுவும் சொல்வதில்லை. நண்பர்களின் மனைவிகளிடம் ஒவ்வொரு குணமாக எடுத்து, எங்கேயோ எனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று ஒரு கற்பனைப் பெண்ணை ஒட்டுப்போட்டுச் செய்கிறான். நடுவில் ஒரு வெற்றிடம், அதைச் சுற்றி பத்துப் பேர். அந்த வெற்றிடம்தான் நாடகத்தின் துணிச்சல். இவன் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பார்வையாளர் தவிக்க வேண்டும். அந்தத் தவிப்பு கடைசிவரை ஏறினால்தான், 'பீயிங் அலைவ்' பாட்டில் அவன் வாயைத் திறக்கும்போது அணை உடையும்.

முதல் பாதியின் முடிவிலேயே அவனைப் பாடவைத்தால் அணையில் முன்கூட்டியே ஓட்டை போட்டது போல் ஆகிவிடும். கல்யாணத்தை ஏதோ ஒரு அளவில் வேண்டுகிறான் என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. போதாததற்கு, உணர்ச்சி ஏறி ஏறிப் பெரிய குரலில் முடிகிற பாட்டு இது. அரங்கம் அதிரக் கைதட்டல் வருகிறது. தேநீர் குடிக்க வெளியே போகிறவர் 'சரி, பையன் தெளிந்துவிட்டான்' என்று நினைத்துக்கொண்டு போகலாம். அப்படி நினைத்துவிட்டால் இரண்டாம் பாதிக்கு வேலையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 'பீயிங் அலைவ்' நடுவில் நண்பர்கள் குறுக்கிட்டுப் பேசுகிறார்கள். அதில் ஏமி சொல்வது: மெழுகுவத்தியை ஊது, ஏதாவது ஆசைப்படு, எதையாவது வேண்டு. அவன் ஏற்கனவே ஒன்றை ஆசைப்பட்டுப் பாடியவன் என்றால் அந்த வேண்டுகோளின் கூர் மழுங்காதா?

வலுவான வாதங்கள். ஆனாலும் நான் மாறினேன். மாற்றியது மெழுகுவத்திதான்.

மெழுகுவத்தி

தொடக்கக் காட்சியில் கேக் வருகிறது. ராபர்ட் ஊதுகிறான், மெழுகுவத்திகள் அணையவில்லை. பரவாயில்லை, நினைத்தது நடக்கும் என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். அவனோ எதையும் நினைக்கவே இல்லை. நண்பர்கள் இருக்கிறார்கள், வேறு என்ன வேண்டும் என்பது அவன் கணக்கு. நாடகத்தின் கடைசியில் நண்பர்கள் விருந்துக்குக் காத்திருக்கிறார்கள், அவன் வரவில்லை. அவர்கள் கலைந்து போனபின் தனியாக வந்து, சிரித்து, ஊதி அணைக்கிறான்.

தொடக்கத்தில் ஆசையே இல்லாதவன், முடிவில் ஆசைப்படத் தெரிந்தவன். நடுவில் என்ன நடந்தது? 1970 வடிவத்தில் அந்த நடுப்பகுதி பார்வையாளரின் ஊகத்துக்கு விடப்பட்டது. திருத்திய வடிவத்தில், ஏமி ஓடியபின் காட்சி மறுபடி பிறந்தநாள் விருந்துக்குத் திரும்புகிறது. மறுபடி கேக், மறுபடி மெழுகுவத்தி. இந்தத் தடவை அவன் ஒன்றை வேண்டுகிறான். அந்த வேண்டுதல்தான் பாட்டு.

ஆக, முதலில் வேண்டுதலே இல்லை. அப்புறம் நிபந்தனை போட்ட ஒரு வேண்டுதல். கடைசியில் நிபந்தனை இல்லாத வேண்டுதல். ஆசையே இல்லாதவன் ஒரே தாவலில் முழு ஆசைக்குப் போவதை நான் எப்போதும் முழுசாக நம்பினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. 1970 இசைத்தட்டில் 'பீயிங் அலைவ்' கேட்கும்போதெல்லாம், இவ்வளவும் எங்கிருந்து திடீரென்று வந்தது என்று ஒரு நெருடல் இருந்தது. இசை அதை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். நடுப்படியை இந்தப் பாட்டு கட்டிக்கொடுக்கிறது.

தொடர்ச்சியான கதை இல்லாத நாடகம் என்பதால் இது இன்னும் முக்கியம். காரணகாரியம் இல்லாத இடத்தில் பாட்டுகளின் வரிசைதான் கதை. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதை வைத்துத்தான் ராபர்ட் எங்கே இருக்கிறான் என்று நாம் கணக்கிடுகிறோம். அங்கே ஒரு பாட்டைச் செருகினால் கதையில் ஒரு சம்பவத்தையே செருகியதாக ஆகும்.

தவறான பதில் என்பதே அதன் பலம்

முதல் பாதியில் வெகு சீக்கிரமே ராபர்ட் தன் நண்பன் ஹேரியிடம் கேட்கிறான்: கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக எப்போதாவது வருத்தப்பட்டிருக்கிறாயா? ஹேரியும், கூடச் சேர்ந்து மற்ற ஜோடிகளின் கணவர்களான டேவிட்டும் லாரியும் 'சாரி கிரேட்ஃபுல்' பாடுகிறார்கள். வருத்தமும் உண்டு, நன்றியும் உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் உண்டு, பிரிக்க முடியாது என்பது சாரம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் ராபர்ட்.

அதே ஆள் ஒரு மணி நேரம் கழித்து என்ன கேட்கிறான் பாருங்கள். அழு, அடிக்கடி வேண்டாம். சண்டை வரட்டும், காயம் வேண்டாம். ரொம்ப ஆழம் பார்க்க வேண்டாம். நண்பர்கள் பிரிக்கவே முடியாது என்று சொன்னதைப் பிரித்து, நன்றியை மட்டும் கொடு, வருத்தத்தை எடுத்துக்கொள் என்கிறான். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. இது பாட்டாக வெளியே வராவிட்டால் அவன் கேட்டதைப் புரிந்துகொண்டானா என்பது நமக்குத் தெரிய வழியே இல்லை. பாட்டு வந்தபின் சந்தேகம் இல்லாமல் தெரிகிறது: பாடம் நடந்தது, பையன் தேறவில்லை.

இதனால்தான் இந்தப் பாட்டு முன்பு கடைசி இடத்துக்குப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். நாடகம் இதில் முடிந்தால் பொய்யில் முடியும். இடைவேளையில் வைத்தால் அதே பொய் ஒரு கட்டமாகிவிடுகிறது. வார்த்தை மாறவில்லை, மெட்டு மாறவில்லை. இடம் மட்டும் மாறியது.

இனி, பாட்டு முடிந்ததும் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் பாதி 'சைட் பை சைட் பை சைட்' என்ற கூட்டுப்பாட்டோடு தொடங்குகிறது, அதோடு ஒரு கொண்டாட்ட ஆட்டமும் சேர்ந்து வருகிறது. 1970இல் மைக்கேல் பென்னட் அதில் ஒரு சின்ன வேலை செய்தார். ஒவ்வொரு கணவனும் காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டேப் நடனத்தில் ஒரு அடி போடுகிறான், அவன் மனைவி பதில் அடி போடுகிறாள். இப்படியே ஒவ்வொரு ஜோடியாக வருகிறது. கடைசியில் ராபர்ட்டின் முறை. அவன் அடி போடுகிறான். பதில் இல்லை. அந்த ஒரு துளி மௌனம்.

பாட்டு சேராத காலத்தில் அந்த மௌனம் பொதுவான தனிமையைச் சொன்னது. பாட்டு சேர்ந்தபின் அது ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதிலாகிவிட்டது. இடைவேளைக்கு முன் நான் தயார் என்று அறிவித்தவன் இவன். இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் உலகம் அவனுக்குப் பதில் அடி போடாமல் நிற்கிறது. முன்பே இருந்த ஒரு நல்ல கணத்துக்கு, பின்னால் வந்த பாட்டு கூடுதல் அர்த்தம் கொடுக்கிறது. இது எனக்குக் கிடைத்த மிகப் பலமான சான்று.

'பார்சிலோனா' காட்சியும் அப்படித்தான். அவனுடைய தோழிகளில் ஒருத்தி, ஏப்ரல் என்ற பெயருள்ள விமானப் பணிப்பெண், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறாள். போகாதே, இரு என்று ராபர்ட் தூக்கக் கலக்கத்தில் கெஞ்சுகிறான். அவள் சரி என்று சொல்லிவிடுகிறாள். ஐயோ என்கிறான். கொஞ்சமாகக் கட்டிக்கொள் என்ற ஒப்பந்தத்தின் செயல்முறை விளக்கம் இது. இரு என்று சொல்வது இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. அப்புறம், லாரியின் மனைவி ஜோவேன் அவனிடம் நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும்போது அவன் வாயிலிருந்து தவறி விழுகிற கேள்வி: நான் யாரைப் பார்த்துக்கொள்வேன்? ஒப்பந்தம் கிழிகிற இடம் அது.

இன்னொரு பாட்டோடு ஒப்பிட்டால்

1998இல் பிராட்வேயின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' நாடகத்தில் பாடகி டோனி பிராக்ஸ்டன் கதாநாயகி பெல் பாத்திரத்தை ஏற்றபோது அவருக்காக 'எ சேஞ்ச் இன் மீ' எழுதினார்கள். தன்னைச் சிறைவைத்திருந்த மிருகம் விடுவித்தபின் அப்பாவிடம் திரும்பி வந்த பெல், நான் மாறிவிட்டேன் என்று பாடுகிறாள். இனிமையான பாட்டு, அவர் போனபின்னும் நாடகத்தில் நிலைத்துவிட்டது. ஆனால் அவள் மாறியதை அதற்கு முந்தைய காட்சிகளில் கண்ணால் பார்த்துவிட்டோம். பார்த்ததையே பாட்டு சொல்கிறது. எடுத்துவிட்டால் இசை குறையும், கதை குறையாது. 'மேரி மீ எ லிட்டில்' பாட்டை எடுத்தால் ஒரு படி குறைகிறது. என் அளவுகோல் இதுதான்.

மேடையில் அது நிலைத்த விதம்

1995இல் நியூயார்க்கில் ரவுண்டபவுட் நாடகக் குழுவின் தயாரிப்பும், லண்டனில் டான்மார் அரங்கில் சாம் மெண்டிஸ் இயக்கி ஏட்ரியன் லெஸ்டர் நடித்த தயாரிப்பும் வந்தன. இரண்டிலும் இந்தப் பாட்டு இருந்தது. அதற்குப் பிறகு இது இல்லாத 'கம்பெனி'யைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

2006இல் ஜான் டாயில் பிராட்வேயில் இயக்கிய வடிவத்தில் நடிகர்களே வாத்தியம் வாசித்தார்கள். ஜோடிகள் கையில் வயலின், செல்லோ, ஊதுகருவிகள். ராபர்ட்டாக வந்த ரவுல் எஸ்பார்சா மட்டும் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார். 'பீயிங் அலைவ்' வரும்போதுதான் பியானோவில் போய் உட்கார்ந்து தானே வாசிக்கிறார். இந்த ஏற்பாட்டில் நான் மேலே சொன்ன எதிர்வாதம் வலுவிழக்கிறது. முதல் பாதி முடிவில் அவர் எவ்வளவு உருகிப் பாடினாலும் அடுத்தவர் வாசிப்புக்குத்தான் பாடுகிறார். தயார் என்கிறவரின் கை வெறுமையாக இருக்கிறது. கைதட்டல் எவ்வளவு பலமாக வந்தாலும் கண் அதைப் பார்த்துவிடுகிறது.

2018இல் லண்டனில் மேரியன் எலியட் ராபர்ட்டைப் பெண்ணாக்கினார். ரோசலி கிரெய்க் பாபியாக வந்தார். அதே வடிவம் 2021இல் கேட்ரீனா லென்க் நடிக்க பிராட்வேக்கும் போனது. ஏமி அங்கே ஜேமி, மாப்பிள்ளை பால் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போகிற ஆண். பாபி கேட்பது அந்த ஜேமியிடம். அவன் பாபியை மணந்தால் அது நிஜமாகவே 'கொஞ்சம்' கல்யாணம்தான்: நட்பு உண்டு, பாதுகாப்பு உண்டு, ஆபத்து இல்லை. பாட்டின் வார்த்தைகள் இவ்வளவு நேராக வேறெங்கும் பொருந்தவில்லை.

ஆனால் அங்கே ஒரு விலையும் உண்டு. 35 வயதுப் பெண்ணை எல்லோரும் எப்போது எப்போது என்று நெருக்கும்போது, எனக்கு இடம் விட்டு நேசி என்று அவள் கேட்பதை கோழைத்தனமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நியாயமான பேரம் போலவே கேட்கிறது. பாட்டு எவ்வளவு நியாயமாகிறதோ அந்த அளவுக்கு அது தவறான பதில் என்பது மங்குகிறது. பிறகு 'பீயிங் அலைவ்' எதைத் திருத்த வருகிறது என்ற கேள்வி எழுகிறது. இந்த வடிவத்தில் நாடகத்தின் எடை வேறு பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன், குறை என்று சொல்ல மாட்டேன்.

தீர்ப்பு

பாட்டு நாடகத்துக்கு உதவுகிறது. நடுவில் இருந்த வெற்றிடம் சுருங்குகிறது, அந்த இழப்பு உண்மையானது. 1970 ராபர்ட்டின் புதிர் இப்போது இல்லை. பதிலுக்குக் கிடைப்பது தவறு செய்கிற ஒரு மனிதன், தவறு செய்கிறவனைத்தான் நாடகம் பின்தொடர முடியும்.

நடிகரின் பொறுப்பு இதில் பெரியது. அவர் அதை முழுசாக நம்பிப் பாட வேண்டும். நான் பொய் சொல்கிறேன் என்று கண்ணடித்துப் பாடினால் ராபர்ட் நம்மைவிடப் புத்திசாலி ஆகிவிடுவான், இரண்டாம் பாதியில் அவன் கற்க எதுவும் மிஞ்சாது. வெற்றிப் பாட்டாகப் பாடினாலோ நாடகம் அங்கேயே முடிந்துவிடும். நம்பிக்கை அவனுடையது, சந்தேகம் நமக்குத் தோன்ற வேண்டியது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வழி பாட்டிலேயே இருக்கிறது: கடைசியில் 'தயார்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நிஜமாகத் தயாராக இருப்பவர் அதை ஒரு தடவை சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பார். ஏமி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மழை பெய்வதைப் பார்த்தாள், ஓடினாள்.